எடுத்த கண்ணை எறிய வேண்டாம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாருக்கும், வவுனியாப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தாருக்கும், வடக்கின் கண் வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள்.

2009 மாசியில் இரணைப்பாலையில் விழுந்த செல்லில் (எறிகணையில்) என் சித்தப்பாவின் வலக்கண்ணுக்குள் குறுணியளவு பீஸ் (அதன் உலோகத் துண்டு) ஒன்று போனது. காயம் ஆறியது, பார்வையும் ஓரளவு இருந்தது. சில வருசங்களில், பொழுதுபட்டால் அந்தக் கண்ணுக்குக் கிணற்றுக்கட்டே தெரியாமற் போனது. கண்மணி விரிந்தபடியே நின்றது. பிறகு தாங்கமுடியாத குத்து. கடைசியில் கண்ணையே எடுத்தார்கள். "உள்ளுக்கிருந்தது என்ன உலோகம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எறிஞ்சாச்சு பிள்ளை" என்றார்கள்.

அந்தப் பதில் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. ஈயமா, செம்பா, இரும்பா என்பதில்தானே எல்லாம் இருக்கிறது! ஈயத்தைக் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். துண்டில் செம்பு 85 சதவீதத்துக்கு மேலென்றால் கடும் அழற்சி. அதற்குக் குறைந்த கலப்புலோகமென்றால் மெல்லக் கசிந்து வில்லையிலும், கண்ணின் முன்னாலுள்ள தெளிந்த படலமான விழிவெண்படலத்தின் உட்புறத்திலும் படியும். இரும்பு துருவேறி, அயன்களாய்க் கரைந்து, ஒளியை உணரும் கலங்களைத் தின்னும். மாதங்களிலும் வரும், ஆண்டுகள் கழித்தும் வரும். விழித்திரையின் மின்வரைபு எடுத்துப் பார்த்தால் அதை நேரத்தோடு பிடிக்கலாம். (கண்ணில் இரும்புத் துண்டு இருக்கலாம் என்று ஐயமிருந்தால் முதலில் எக்ஸ்றே எடுக்காமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போகவே கூடாது. காந்தம் துண்டை அசைத்துவிடும். வன்னியில் இது வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும்.)

ஆகவே கேட்கிறேன்: சத்திரசிகிச்சையில் எடுக்கப்படும் கண்ணையும் வில்லையையும் துண்டையும், உரியவர் சம்மதித்தால், பத்திரப்படுத்தி, அவற்றிலுள்ள உலோகத்தை அளந்து பாருங்கள்.

கண்ணின் இழையத்தை (திசுவை) நைத்திரிக் அமிலத்தில் கரைத்து அளந்தால் மொத்தம் எவ்வளவு என்று மட்டுமே வரும். வயல் முழுவதன் மண்ணையும் ஒன்றாய்க் கலந்து உப்புப் பார்ப்பதுபோல அது. எந்த மூலையில் பயிர் எரிகிறது என்று சொல்லாது. மெல்லிய சீவலாக வெட்டி, லேசரால் வரிவரியாகச் சுட்டு, எழும் துகளைக் கடும் சூட்டு வாயுவான பிளாஸ்மாவுக்குள் செலுத்தி, அணுக்களைத் திணிவுப்படி இனம்பிரிக்கும் திணிவு நிறமாலைமானியில் பிரித்தால், இரும்பு கண்ணின் எந்தப் படையில், செம்பு எந்தப் படையில் என்று மைக்கிரோமீற்றர் கணக்கில் படமே கிடைக்கும். அளவீட்டை வெளிநாட்டு ஆய்வுகூடத்தோடு சேர்ந்தும் செய்யலாம். இழையத்தைக் கெடாமல் காப்பதுதான் இங்கேயே நடக்க வேண்டிய வேலை. பதப்படுத்தும் திரவமான போமலினில் ஊறினால் உலோகத்தில் ஒரு பங்கு கரைந்து போய்விடும். உறைய வைப்பதே நல்லது. உருக்குக் கத்திகூட இரும்பைத் தடவிவிடும்.

நலமான கண்ணிலும் இரும்பும் செம்பும் உண்டு. விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிப் படையில் நாகம் (துத்தநாகம்) நிறையவே உண்டு. புகைப்பவர்களின் கண்ணில் கட்மியம் என்ற உலோகம் கூடும். காயப்படாத கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. 1964 முதல் பிறநாடுகளுக்குக் கண் அனுப்பிவரும் நாடு இது. தானமான கண்ணில் விழிவெண்படலம் போக மிஞ்சுவதை, குடும்பத்தைக் கேட்டு, இதற்கு வாங்கலாம்.

இன்னொன்று. எங்கள் சனத்துக்குப் "பதிவு" என்ற சொல்லே பயம். உடம்பில் பீஸோடு இருக்கிற எத்தனையோ பேர், எங்கே, எப்படிக் காயப்பட்டாய் என்று கேட்பார்களோ என்றே கிளினிக்குக்குப் போவதில்லை. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கண்ணைப் பற்றி மட்டும் கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்தும் சொல்லுங்கள். பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். பெயர்ப் பட்டியல் வைத்தியரைத் தாண்டி எவர் கைக்கும் போகக்கூடாது. முடிவு வந்ததும் உரியவரைக் கூப்பிட்டு முதலில் அவருக்கே சொல்லுங்கள்.

சித்தப்பாவின் தோளில் இன்னும் ஒரு பீஸ் இருக்கிறது. அதே செல்லில் பட்டது. எடுக்கிற நாளில் அதை உங்களிடம் கொடுக்கச் சொல்கிறார். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று அறிவியுங்கள்.