அந்தப் பதினான்காம் இடத்தில் என் மகனும் இருக்கிறான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நுழைவுத்தேர்வை நீக்கினார்கள், தரம் விழுந்தது, நாட்டிலேயே முதலாவதாக இருந்த பள்ளி 14ஆம் இடத்துக்குப் போனது, நம் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிட்டிருந்தார் உங்கள் கட்டுரையாளர். அந்தப் பள்ளி இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் நான் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். (கட்டுரையில் இரண்டு இடத்தில் ‘ஃபாக்ஸ்ஃபேர்’ என்று இருந்தது. போகட்டும்.)

முதலில் அந்த 14. சிறந்த உயர்நிலைப் பள்ளிகள் என்று யு.எஸ். நியூஸ் பத்திரிகை 2024இல் வெளியிட்ட பட்டியல் அது. அதற்கு எடுத்துக்கொண்ட கணக்கு 2021-22 கல்வியாண்டினுடையது. மதிப்பெண்ணில் நாற்பது சதவீதம் அந்த வருடம் 12ஆம் வகுப்பில் இருந்தவர்கள் எழுதிய, ஏ.பி. என்ற கல்லூரி நிலைத் தேர்வுகளுக்கு. நுழைவுத்தேர்வு இல்லாத புதிய முறையில் சேர்ந்தவர்கள் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புக்குள் காலடி வைத்திருந்தார்கள். 12ஆம் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பழைய நுழைவுத்தேர்வு எழுதி, உங்கள் கட்டுரையாளர் மொழியில் சொன்னால் ‘தகுதி’யோடு வந்தவர்கள். அதில் ஒருவன் என் மகன். அந்தப் பள்ளியை யாராவது கவிழ்த்தார்கள் என்றால் கவிழ்த்த கூட்டத்தில் அவனும் உண்டு. போனில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் எப்படி உள்ளே போனான் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பயிற்சி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டால் ஆறு மணிக்குத்தான் வருவான். நான் காருக்குள் உட்கார்ந்து கறிகாய் நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கத்து கார்களிலும் நம்மைப் போன்ற அம்மாக்கள்தான். பயிற்சி கொடுத்துத் தேற்ற முடியாத தேர்வு என்று சொல்லி அந்த வருடம்தான் புதுக் கணிதத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகளை உட்காரவைத்து, ஞாபகம் இருக்கும் கேள்விகளை எழுதி வாங்கிக்கொண்டார்கள் அந்த வகுப்பில். அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமே! மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதினால் ஊரில் இருக்கும் என் மாமனார் படித்துவிடுவார், அதனால் விடுகிறேன். கவுன்டியின் தென்கிழக்கில் ரூட் 1 நெடுஞ்சாலை ஓரம், இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளைக்கு இது நடக்குமா?

நடக்கவில்லை. 2020இல் இடம் கிடைத்த 486 பேரில் 355 பேர் ஆசியர்கள், நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான். கறுப்பின மாணவர்கள் பத்துப் பேர்கூடத் தேறாத எண்ணிக்கை என்பதால் கணக்கையே வெளியே சொல்லவில்லை. அந்த அக்டோபரில் தேர்வையும் அதற்கான நூறு டாலர் கட்டணத்தையும் நீக்கினார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பின் ஒன்றரை சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கினார்கள். 2021இல் 550 இடம், ஆசியர்கள் 299, அதாவது 54 சதவீதம். பாதிக்கு மேல் இருந்துகொண்டு வாசலில் நிற்பது எப்படி என்று கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குப் பெயரும் தெரியாது, இனமும் தெரியாது, எண் மட்டும்தான். இன்னொன்று: வசதியில்லாத ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளில் முந்தின வருடம் இடம் கிடைத்தது ஒருவருக்கு, அந்த வருடம் 51 பேருக்கு. அவர்கள் எல்லாம் நம் பிள்ளைகளில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

எனக்கு இதில் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய முறையில் முதல் வருடம் விண்ணப்பித்தவள் என் மகள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பக் கட்டுரை எழுதினாள். ஜூன் மாதம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்தச் சண்டையில் ஆசியர்களுக்கு எதிரான வாடை அடிக்கிறது என்று பள்ளி வாரியத்தார் தங்களுக்குள்ளேயே குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டது புதிய முறையை எதிர்த்த வழக்கில் வெளிவந்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. 2022இல் ஒரு நீதிபதி இந்த முறை செல்லாது என்றார், 2023இல் மேல்நீதிமன்றம் செல்லும் என்றது, 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. உங்கள் கட்டுரையில் அந்த 2022 தீர்ப்பு மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இடம் போதவில்லையோ?

நீங்கள் அறியாததா, அதே 2020 அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் கேட்டு அத்தனை கொந்தளிப்பு. கோச்சிங் போக வழியில்லாத பிள்ளையை நீட் வடிகட்டிவிடுகிறது என்று அப்போது தலையங்கம் எழுதினீர்கள். கத்தரித்து வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டைப் பிள்ளைக்கு ஒரு நியாயம், ரூட் 1 பிள்ளைக்கு வேறு நியாயமா? விமானம் ஏறியதும் நம் ஆட்களுக்குப் புத்தி மாறுகிறது என்பது எனக்குத் தெரியும், இங்கே பொங்கல் விழாவிலேயே கேட்டிருக்கிறேன். பத்திரிகைக்கும் மாறுமா?

அருப்புக்கோட்டையைச் சும்மா சொல்லவில்லை. 1994இல் அந்தப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்தவள் நான். கணிதத்தில் பள்ளியிலேயே முதல் மார்க். என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு எழுத அப்பாவோடு மதுரைக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கைப் பெண் கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடையைக் குறித்துவிட்டாள். அவள் வருடம் முழுக்கப் பயிற்சிக்குப் போனவள் என்று வெளியே வந்த பிறகு தெரிந்தது. எனக்கு அந்த மாதிரி வகுப்பு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன், அப்புறம் எம்.சி.ஏ., அப்புறம் இங்கே. 2007இல் தமிழ்நாட்டில் அந்த என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வை நீக்கியபோதும் தரம் செத்தது என்று சிலர் ஒப்பாரி வைத்தார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 14ஆம் இடம் பழைய தேர்வு எழுதி வந்தவர்கள் 12ஆம் வகுப்பில் இருந்த வருடத்துக் கணக்கில் வந்தது என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். கவுன்டியின் பெயரையும் சேர்த்துத் திருத்தினால் நல்லது. தீபாவளி மலர் விலை பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் பாராட்டை மட்டும் போட்டிருந்தீர்கள். இதில் பாராட்டு எதுவும் இல்லை, வெட்டச் சிரமமாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஹெர்ண்டன், வெர்ஜீனியா