கோட்டோபாக்சி அடிவாரத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் விடுமுறையில் ஈக்வடார் மலைநாட்டில் கோட்டோபாக்சி எரிமலையின் அடிவாரத்துக்குப் போய், பழைய மாட்டுப் பண்ணை ஒன்றில் தங்கிக் குதிரைச் சவாரி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சிதான். ஆனாலும் கால்நடை மருத்துவராகவே காலத்தைக் கழித்தவள் என்பதால், குதிரை என்றவுடன் உனக்குச் சொல்லியே ஆகவேண்டியவை என்று சில நினைவுக்கு வருகின்றன.

முதலில் உயரம். நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். ஈக்வடாரின் தலைநகர் கித்தோ 2,850 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் சவாரி போகும் பாரமோ என்ற புல்வெளியோ அதற்கும் மேலே, 3,500 மீட்டரைத் தாண்டியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகையால் விமானத்தை விட்டு இறங்கியதும் பண்ணைக்குக் கிளம்பிவிடாமல், இரண்டு மூன்று இரவாவது கித்தோவில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள். தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் பொறுத்துக்கொண்டு சேணத்தில் உட்காராதே. தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடு.

அடுத்து, உன்னைச் சுமக்கப்போகும் உயிரைப் பற்றி. அந்த மலைக் குதிரைகள் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை. உருவத்தில் சிறியவை, குளிரையும் மேட்டையும் தாங்கிப் பழகியவை. தாங்கும் என்பதற்காக எதையும் சுமத்தலாம் என்று எண்ணுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு ஓடிய குதிரைகளுக்கு எத்தனையோ முறை நான் மருந்திட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் நோய் முதுகில்தான் இருந்தது. ஆகவே ஏறுவதற்கு முன், சேணம் பூட்டாத குதிரையைக் காட்டச் சொல். பிடரிமயிர் முடியும் மேட்டிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையை மெதுவாக அழுத்திக்கொண்டே போ. ஓரிடத்தில் குதிரை முதுகை உள்வாங்கினாலோ, காதைப் பின்னுக்கு மடக்கினாலோ, அங்கே வலி இருக்கிறது என்று பொருள். கரும்பழுப்பு முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் திட்டாக முளைத்திருந்தால், அது பெரும்பாலும் முன்பு சேணம் அழுத்தியதன் தழும்பாகத்தான் இருக்கும். புண் ஆறினாலும் மயிரின் நிறம் திரும்புவதில்லை. வயிற்றுப் பட்டை இழுபடும் முன்னங்கால் மடிப்பையும் மறக்காமல் தடவிப் பார். குறை கண்டால் கோபப்படாமல் வேறு குதிரை கேள். நல்ல பண்ணைக்காரர் அதற்காக முகம் சுளிக்கமாட்டார். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். மாப்பிள்ளையின் உடல்வாகுக்கு ஏற்ற குதிரை உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடு. எடை வரம்பு வைத்திருக்கும் பண்ணையை நான் கூடுதலாக நம்புவேன்.

உங்களுக்கு வழிகாட்ட வருபவர் அநேகமாக ஒரு சாக்ராவாக இருப்பார். மலைநாட்டு மாடு மேய்ப்பவர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். போஞ்சோ என்ற கம்பளி மேலாடை, கால்சட்டைக்கு மேல் அணியும் மயிரோடு கூடிய தோல் உறை, தோலைத் திரித்த நீண்ட சுருக்குக் கயிறு ஆகியவற்றைப் பார்த்து, விருந்தினருக்காகப் போட்ட வேடம் என்று நினைத்துவிடாதே. மூடுபனியும் ஆலங்கட்டி மழையும் ஒரே பிற்பகலில் வந்துபோகும் இடத்தில், பாதி காட்டுத்தனமாய்த் திரியும் மாடுகளைத் தேடிப்பிடித்து எண்ணவும் சூடுபோடவும் தடுப்பூசி போடவும் ஓட்டிவருகிறவருடைய அன்றாடத் தேவைகள் அவை. 1877 ஜூன் மாதம் கோட்டோபாக்சி வெடித்தபோது உருகிய பனி சேறாகப் பெருக்கெடுத்து லத்தாகுங்கா நகரை அழித்தது. அந்தப் பேரிடரின்போது காத்த இறைவனுக்கு நன்றியாகத்தான், இன்றும் ஜூலையில் மச்சாச்சி ஊரில் சாக்ராக்கள் குதிரைகளில் ஊர்வலம் வருகிறார்கள். பயணத்தை அந்த நாளோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் பொருத்திக்கொள். மாடு வளைக்கும் வேலையில் உங்களையும் சேர்த்துக்கொண்டால், சாக்ரா நிற்கச் சொன்ன இடத்தில் நில். கன்றோடு இருக்கும் பசுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே புகுந்துவிடாதே.

பண்ணை வீட்டின் கனத்த சுவர்களும் கல் பாவிய முற்றமும் உன் மனத்தைக் கவரும். அவற்றை எழுப்பியவர்கள் யார் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு துண்டு நிலத்தில் பயிரிட்டுக்கொள்ளும் உரிமைக்கு ஈடாக, பூர்வகுடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாருக்கு உழைத்தன. வாசிபுங்கோ எனப்பட்ட அந்த முறையை 1964ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம்தான் ஒழித்தது. அங்கே பரிமாறுகிறவர்களின் பாட்டன் பாட்டிகளில் சிலர் அந்த வாழ்வை வாழ்ந்திருக்கக்கூடும். அவர்களிடம் பேச்சுக்கொடு, உனக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிய மொழி போதும். சம்பளமும் அன்பளிப்பும் அவர்கள் கைக்கே போய்ச் சேருகின்றனவா என்றும் விசாரி.

பாரமோவின் மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கித்தோவுக்குக் குடிநீர் தருவது. ஏற்கனவே தடம் விழுந்த பாதையிலேயே குதிரையை நடத்து. சதுப்பில் குளம்பு பதிந்தால் அந்தப் பள்ளம் லேசில் மூடாது. செம்மஞ்சள் சுக்கிராகுவா பூத்திருக்கும் புதர் கண்ணில் பட்டால் சற்று நின்று பார், அதில் தேனெடுக்க மலை ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வரும்.

கோட்டோபாக்சி 2015இலும், மறுபடி 2022இன் இறுதியிலிருந்தும் சாம்பல் கக்கியது. எனவே கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். நிலநடுக்கோட்டு வெயில் குளிரிலும் சுடும் என்பதால், கழுத்தை மூடும் துணியும் கையுறையும் எடுத்துவை. தலைக்கவசம் பண்ணையில் இல்லையென்றால் இங்கிருந்தாவது வாங்கி அனுப்புகிறேன். சாக்ரா தொப்பியோடு போகிறாரே என்று நீயும் தொப்பியோடு ஏறிவிடாதே.

எந்தப் பண்ணை என்று முடிவானதும், அவர்களிடம் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா