வாஷிங்டன்–லஃபாயெட் கடிதங்களைத் தமிழாக்க முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனும், அவரோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுப் பிரபு லஃபாயெட்டும் அமெரிக்கப் புரட்சிக் காலத்திலும் அதன் பின்னும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பிரெஞ்சு நூலிலிருந்து தமிழாக்க வேண்டாம். வாஷிங்டனுக்குப் பிரெஞ்சு தெரியாது. லஃபாயெட் அவருக்கு எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1837-38இல் லஃபாயெட்டின் குடும்பத்தார் 6 தொகுதிகளாக வெளியிட்ட பிரெஞ்சுப் பதிப்பில் இருப்பவை மொழிபெயர்ப்புகள், அதிலும் வெட்டல்கள் உண்டு. மூலக் கையெழுத்துப்படியின் அச்சுவடிவையே பிடியுங்கள். லஃபாயெட்டின் ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் தமிழும் சற்றுத் தடுமாறட்டும்.

அடுத்து, விளி. 25 வயது இடைவெளி என்று வாஷிங்டன் வாயில் 'நீ' போட்டுவிடாதீர்கள். இரு பக்கமும் 'நீங்கள்'தான். வாஷிங்டன் குடியரசுத் தலைவரான பிறகும் லஃபாயெட்டுக்கு அவர் 'என் அன்பு ஜெனரல்'தான். பிரான்ஸ் 1790 ஜூன் 19இல் பிரபுப் பட்டங்களையே ஒழித்தது. ஆகஸ்டில் வாஷிங்டன் இன்னும் லஃபாயெட்டின் பிரபுப் பட்டமான 'மார்க்கி' என்றே எழுதுகிறார். திருத்தாமல் விடுங்கள். லஃபாயெட் தன்னை மகன் என்று சொல்லும் இடத்தில் 'தத்துத் தந்தை' என்றால் பத்திரம் எழுதித் தத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். 'என்னைப் பிள்ளையாக வரித்துக்கொண்ட தந்தை' பொருந்தும். போர்க்காலக் கடிதங்களில் தளபதியின் 'ஃபேமிலி' என்றால் அவருடைய உதவி அதிகாரிகள்; மனைவி மக்கள் அல்ல.

தேதி வரிசையை நம்பினால் ஏமாறுவீர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் கைப்பற்றிய பாஸ்டீல் சிறையின் சாவியை லஃபாயெட் அனுப்பும் கடிதம் 1790 மார்ச் 17. எழுத்தாளர் தாமஸ் பெய்ன் வழியாகப் போன சாவிக்கு வாஷிங்டனின் நன்றிக் கடிதம் ஆகஸ்ட் 11. இடையில் வாஷிங்டனின் ஜூன் 3 கடிதம் லஃபாயெட்டின் ஜனவரிக் கடிதத்துக்கான பதில். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் எழுதிய தேதியோடு எதற்குப் பதில் என்பதையும் போடுங்கள். அந்த ஆகஸ்ட் கடிதத்தோடு ஒரு ஜோடி ஷூ பக்கிளும் போனது. அதன் மதிப்புக்காக அல்ல, நியூயார்க்கிலேயே செய்தது என்பதற்காக என்கிறார். அந்த வரியை அலங்கரிக்காதீர்கள்.

1783 பிப்ரவரி 5 கடிதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்க வேண்டாம். சேர்ந்து ஒரு சிறு பண்ணை வாங்கி, அடிமைகளை விடுவித்துக் குத்தகைதாரர்களாக வைத்துப் பார்ப்போம் என்று லஃபாயெட் கேட்கிறார். ஏப்ரல் 5 பதிலில் வாஷிங்டன் பாராட்டுகிறார், சேர மகிழ்ச்சி என்கிறார். ஆனால் விவரத்தை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறார். ஆங்கிலத்தில் சேர மகிழ்ச்சி என்பதும் ஒதுக்குவதும் ஒரே வாக்கியம். இரண்டாக உடைத்தால் முதல் பாதி வாக்குறுதியாகிவிடும். அந்த 'ஆனால்' உள்ளேயே இருக்கட்டும்.