கயிற்றைச் சுருட்டி வைத்தேன்

யாங்கோன் (ரங்கூன்)
கார்த்திகை மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உன் பேத்தி அதைப் படம் எடுத்துப் போனில் அனுப்ப, என் பேத்தி பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். நாலு தடவை படித்துவிட்டேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததையும் வியாசர்பாடி வீட்டில் எல்லாரும் பயந்ததையும் விவரமாக எழுதியிருந்தாய். கடைசியில், "இனிமேல் என்ன இருக்கிறது, ஜன்னலோரம் நாற்காலி போட்டாகிவிட்டது" என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு அதைத் தெரிவிக்காமல் விட்டது என் தப்பு.

நீ 2013-இல் வந்தபோது என் நாலாம் மாடி பால்கனியில் நின்று தொங்குகிற கயிறுகளையெல்லாம் படம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? லிஃப்ட் இல்லாத வீடுகள். மேலிருந்து கயிற்றை விட்டால் கீழே அதன் முனையிலுள்ள கிளிப்பில் பேப்பர்காரர் பேப்பரை மாட்டுவார். காய்கறிக்காரி பையைக் கட்டிவிடுவாள். பருப்பு மண்டிக் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வாழ்க்கை முழுவதும் அந்தக் கயிற்றில்தான் ஏறி வந்தது. பால் டீ, வெற்றிலைப் பொட்டலம், மாத்திரை, எல்லாமே. சில வாரங்களில் நான் தெருவில் காலே வைத்ததில்லை.

அப்புறம் ஒரு ஆனி மாதம். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நல்ல மழையில் திரும்பினேன். இரண்டாம் மாடிக்கு மேல் ஏற முடியவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது, கால் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி இருக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாடியில் இருக்கும் பர்மிய அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்து, விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். என் மகன் வந்து தாங்கிப் பிடித்து மேலே கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

மறுநாள் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை 210. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 9.6. அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். இரத்த அழுத்தம் 170-க்கு 100. எடை 86 கிலோ. அதற்கு முன்பு நான் போய்க்கொண்டிருந்த டாக்டர் ஐந்து வருஷமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தாரே தவிர, என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. புதிதாகப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். என் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறபோது சொல்ல வேண்டும். நான்கு இடம் எனக்குத் தெரியவே இல்லை. "மாத்திரையை நிறுத்தாதீர்கள், தாத்தா. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. நாளையிலிருந்து கீழே இறங்குங்கள்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைச் சுருட்டி மகன் கையில் கொடுத்தேன். வேண்டியதை நானே இறங்கிப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். முதல் நாள் தெருமுனை விளக்குக் கம்பம் வரை போனேன். 90 காலடி. திரும்பி வந்து மாடி ஏற இருபது நிமிடம் பிடித்தது, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. இரண்டாம் நாளும் அதே கம்பம். ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த தெரு. இதை நீ முக்கியமாகக் கவனி. 90 அடியைச் சின்ன விஷயமாக நான் நினைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை.

இரண்டு மாதத்தில் ஸ்ட்ராண்ட் சாலையைத் தாண்டி போட்டதாங் பகோடா என்கிற புத்தர் கோயில் வரை எட்டினேன். சின்ன வயதில் ஆமைக் குளத்தில் கீரை போடுவோமே, அதே இடம்தான். குளமும் இருக்கிறது, ஆமைகளும் இருக்கின்றன. குளிர்மாதங்களில் படகுத்துறையில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கும். கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். அந்தத் துறையில் நின்று ஆற்றைப் பார்த்தபோது, 1964-இல் நீ இந்தியாவுக்குக் கப்பலேறிய நாள் ஞாபகம் வந்தது. உனக்கும் பதினொன்று, எனக்கும் பதினொன்று. அந்தக் கால்கள் பஸ் காசை மிச்சப்படுத்தி, மீன் சாறு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் சாப்பிடுவதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து தினம் வீடு வரை நடந்த கால்கள். அவை எங்கும் போய்விடவில்லை நண்பா. வேலை கொடுக்காததால் மெலிந்துவிட்டன, அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கடிதத்தில் "உப்பு சப்பில்லாத பத்தியச் சோறு" என்று நொந்து எழுதியிருக்கிறாய். என் அனுபவம் வேறு. நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நம் அம்மாக்களும் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்களும் செய்துகொண்டிருந்ததற்குத் திரும்பினேன்.

காலையில் "பேபியோ" என்று கூவிக்கொண்டு தலையில் தட்டோடு ஒரு பெண் வருவாளே, முளைகட்டி வேகவைத்த பட்டாணி. இன்றைக்கும் ஆறு மணிக்கு அந்தக் குரல் வருகிறது. முன்பெல்லாம் எண்ணெயில் பொரித்த ஈச்சாகுவே மாவுத்தண்டை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு, மேலே பஜ்ஜி போட்ட மொகிங்காவும் சாப்பிடுவேன். இப்போது பேபியோவில் வெங்காயம், எலுமிச்சை, ஒரு துளி நல்லெண்ணெய். பதினோரு மணி வரை பசிப்பதில்லை. மொகிங்கா ஞாயிறன்று மட்டும். வாழைத்தண்டும் மீனும் நிறையக் கேட்டு, பொரித்ததை விட்டுவிடுகிறேன்.

மதியம் முதலில் கீரை. வல்லாரையை நறுக்கி, வறுத்த கடலைமாவும் இடித்த நிலக்கடலையும் எலுமிச்சையும் போட்டுப் பிசைகிறார்களே, அது ஒரு கிண்ணம். பிறகு புளிச்சக்கீரைச் சாறு. அதற்குப் பிறகுதான் சோறு, ஒரே ஒரு கரண்டி. காய்கறியை முதலில் சாப்பிட்டால் சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறுகிறது. வீட்டு மீட்டரில் நானே பல நாள் குத்திப் பார்த்துவிட்டேன். பர்மியக் குழம்பில் எண்ணெய் மேலே மிதந்தால்தான் பக்குவம் என்பார்கள். என் வீட்டுக்காரி இப்போது அதை வடித்துவிட்டுப் பரிமாறுகிறாள். முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் மீனின் ருசி தெரிய ஆரம்பித்தது.

உப்புதான் கள்ளன். நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டில் நப்பி என்கிற புளித்த மீன் விழுது, கருவாடு, மீன் சாறு, ஊறுகாய், அப்பளம் என்று எல்லாவற்றிலும் உப்பு. சோற்றில் உப்பே போடுவதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! உங்கள் வீட்டிலும் ஊறுகாய் ஜாடியைப் பார். கருவாட்டை இரண்டு முறை ஊறவைத்துக் கழுவி, வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொண்டோம்.

டீக்கு வருகிறேன். கெட்டிப்பால் ஊற்றிய டீ நாளைக்கு ஆறு குடித்தவன் நான். டீக்கடை மேஜைகளில் சும்மா வைத்திருக்கும் சர்க்கரையில்லாத வெறும் தேயிலைத் தண்ணீர் ஜாடியை எழுபது வயது வரை நான் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அதைத்தான் குடிக்கிறேன், காசே கிடையாது. பேச்சுத் துணைக்கு உட்காருவதற்கு அதுவே போதும். வெற்றிலைதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று 2004-லேயே அறிவித்துவிட்டார்கள் என டாக்டர் சொன்னார். ஐந்து மாதம் தடுமாறினேன். கிராம்பு வாயில் போட்டுக்கொண்டுதான் தாண்டினேன்.

எல்லாம் நேராக ஏறிய ஏணி என்று நினைக்காதே. போன வருஷம் மழைக்கு முன்னால் உற்சாகத்தில் கண்டவ்ஜி ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று நடந்துவிட்டேன். வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. மூன்று வாரம் படுக்கை. இத்தோடு முடிந்தது என்று அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்தார்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துத் தடவை, காலையும் மாலையும். முதலில் நாலுதான் முடிந்தது. தொடைத் தசை தேறியதும் முழங்கால் வலி குறைந்தது. மழைக்காலத்தில் இங்கே நடைபாதைக் கல் எல்லாம் வழுக்கும், சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த மாதங்களில் பெருமாள் கோயிலுக்குள் சுற்றி நடந்தேன். சாமிக்கும் சுற்று, எனக்கும் நடை.

பேத்தி ஒரு விஷயம் சொன்னாள். தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதாம். நீ போன அடுத்த வருஷம். வைத்தியர்கள் அளந்து சொன்ன கணக்கு இல்லை. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் குறைவாக இருந்ததாம். 7,500-க்குமேல் கூடுதல் லாபம் தெரியவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. நான் ஆறாயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, இப்போது என் எடை 74 கிலோ. எச்பிஏ1சி 6.7. அழுத்த மாத்திரையை டாக்டரே பாதியாகக் குறைத்தார். பாதத்தில் மரத்துப்போன நான்கு இடத்தில் இரண்டு இன்னும் அப்படியேதான் இருக்கின்றன; அவை திரும்பாமலும் போகலாம் என்றார். அதனால் ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறேன். நாலாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். போகிற வழியில் இரண்டாம் மாடி அம்மாவுக்குக் கீரைக்கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

உனக்கு வைத்தது ஸ்டென்ட், என் கதை வேறு. ஆகவே முதலில் உன் இதய டாக்டரிடம் எவ்வளவு நடக்கலாம் என்று கேள். எனக்குச் சொன்ன அளவுகோல் இது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே மூச்சுமுட்டினால் வேகத்தைக் குறை. நெஞ்சு இறுகினாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ உடனே நில், உட்கார், ஆளைக் கூப்பிடு. வீடு வரை போய்விடலாம் என்று இழுக்காதே. சட்டைப் பையில் முகவரியும் மகன் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். முதல் மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு நம் பர்மாக் கதை சொல்ல உனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சென்னை வெயில் எனக்குத் தெரியாததா, ஆறு மணிக்குள் இறங்கிவிடு.

நாற்காலியை எடுத்துவிடச் சொல்லவில்லை. நடந்துவிட்டு வந்து உட்கார அது வேண்டும்.

உன் வீட்டு வாசலிலிருந்து முதல் விளக்குக் கம்பம் எத்தனை அடி என்று எண்ணி அடுத்த கடிதத்தில் எழுது. அடுத்த தை மாதம், உன் டாக்டர் சம்மதித்தால், இங்கே வந்து பத்து நாள் இரு. நாலு மாடி இருக்கிறது, அதற்குள் நீ தயாராகிவிடுவாய். விடியற்காலையில் ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்குப் போவோம். கல் சுடுவதற்கு முன்னால் போக வேண்டும், என் பாதத்துக்கு அது முக்கியம். மேடையை ஒரே ஒரு சுற்று, மெதுவாக. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்