பசி போயிடுச்சு, சாப்பாட்டு ஞாபகம் போகல

பாப்பா,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிட்டேன், அம்மா பக்கத்துலயே இருந்தா, அதான். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வெயிட் குறைஞ்சிருச்சு, சுகர் மாத்திரையும் குறைச்சிட்டாங்க, மூச்சு வாங்காம மாடி ஏர்றீங்க, அப்புறமும் ஏம்பா குரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்ட. இதுக்கெல்லாம் போன்ல பதில் சொல்ல எனக்கு வராதுன்னு உனக்கே தெரியும். எழுதினா கொஞ்சம் வரும். நீளமாத்தான் போகும், ஆபீஸ்ல வெச்சுப் படிக்காத, வீட்டுக்குப் போயி படி.

விஷயம் இதுதான், எனக்கு சாப்பாட்டை நினைச்சு ஏக்கமா இருக்கு. சொல்லவே கூச்சமா இருக்கு, இத்தனை வயசுல ஒரு ஆளு இதுக்குப் போயி முகத்தைத் தூக்கி வெச்சிருப்பானான்னு நீ நினைக்கலாம். ஆனா இருக்கு, இல்லன்னு சொல்லி என்ன ஆகப்போகுது.

பசின்னு நினைச்சுடாத. அது கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சு. வெயிட் குறைக்க எனக்குப் பண்ணது ஸ்லீவ்ங்கற ஆபரேஷன், அதுல இரைப்பையில 75லருந்து 80 சதவீதம் வரைக்கும் வெட்டி வெளியவே எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறது ஒடுக்கமா ஒரு குழாய். வெட்டி எடுக்கிற பக்கத்துல, மேல பை மாதிரி இருக்கிற இடத்துலதான் கிரெலின்னு ஒரு ஹார்மோன் நிறைய சுரக்குது, பசியைக் கிளப்பி விடறது அதுதான், 1999லதான் ஜப்பான்ல அதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த இடமே போயிடறதால ஆரம்ப மாசங்கள்ல பசின்னா என்னன்னே தெரியாம இருந்துச்சு, போன்ல அலாரம் வெச்சுத்தான் சாப்பிட்டேன். இப்போ லேசா திரும்பி வருது, அது சகஜம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ஆனா பாரு, வயிறு சும்மா கிடக்குது, வாய் மட்டும் நமநமங்குது. சாயங்காலம் ஆச்சுன்னா, யாராவது ஒரு வார்த்தை கடுப்பா பேசிட்டாங்கன்னா, டிவி முன்னாடி உக்காந்தா, ஒண்ணுமே இல்லாம சும்மா இருந்தாக்கூட, ஏதாவது வேணும்னு இருக்கு. நிஜப் பசி மெதுவா வரும், எதைக் குடுத்தாலும் போதும்ங்கும். இது திடீர்னு வரும், இதுதான் வேணும்னு பேர் சொல்லிக் கேக்கும். நான் ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன், ஃப்ரிட்ஜ்ல அவிச்ச முட்டை இருக்கு சாப்பிடறியான்னு என்னையே கேட்டுக்குவேன், சரின்னு தோணுச்சுன்னா பசி, முட்டையா போடான்னு தோணுச்சுன்னா அது வேற கேஸ். முக்கால்வாசி நேரம் வேற கேஸ்தான்.

நான் சாப்பிடறதை நீ பக்கத்துல இருந்து முழுசா பாத்ததில்ல. உனக்கு சின்ன வயசுல ஊட்டின ஸ்பூனை அம்மா எங்கிருந்தோ தேடி எடுத்துக் குடுத்திருக்கா, அதுலதான் சாப்பிடறேன், காப்பி டம்ளருக்கு அடியில வெப்போம்ல அந்த சாசர்தான் தட்டு. ஒரு வாய் வெச்சா கூழாகற வரைக்கும் மெல்லணும், மென்னு முடிக்கற வரைக்கும் ஸ்பூனைக் கீழ வெச்சிடணும், முதல்ல புரோட்டீனைத்தான் சாப்பிடணும் (ஒரு நாளைக்கு 60 கிராமாவது உள்ள போகணும்), நடுவுல தண்ணி கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி. நாலஞ்சு வாய் போனதும் என்ன ஆகும் தெரியுமா, மூக்கு ஒழுகும். சிரிக்காத, நிஜமாத்தான், ஆபரேஷன் பண்ண நிறைய பேருக்கு இப்படித்தான், சிலருக்கு விக்கல் வரும், சிலருக்குத் தும்மல். போதும்னு உடம்பு சொல்ற விதம் அது. அதை மீறி இன்னும் ஒரே ஒரு வாய்னு ஆசைப்பட்டா நெஞ்சு அடைக்கும், வாயில எச்சில் நுரையா ஊறும், சிங்க் கிட்ட போயி நிக்க வேண்டியதுதான். சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதும் சாசர்ல மிச்சம் இருக்கிற அந்தத் துண்டு மேலதான் கண்ணு போகுது, அதான் எனக்குப் புரியல.

ருசிதான் எனக்குப் பிடிச்சதுன்னு இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேன். ருசி இப்பவும் கிடைக்குது, சொல்லப்போனா நாக்கு முன்னைவிடக் கூர்மையாவே இருக்கு. எனக்கு வேண்டியிருந்தது வேகவேகமா அள்ளிப் போட்டு முழுங்கறதும், அப்புறம் வயிறு முட்டி ஒரு பாரம் வந்து கண்ணைச் சொக்க வைக்குமே, அதுவும்தான். அந்தப் பாரம் வந்துட்டா எந்த யோசனையும் ஓடாது. கடன் தொல்லை இருந்த வருஷங்கள்ல நான் எப்படித் தூங்கினேன்னு நினைக்கற, அப்படித்தான். ஆத்தா போனப்போ எல்லாரும் அழுதாங்க, நான் மட்டும் எல்லாரும் தூங்கினப்புறம் தனியா உக்காந்து சாப்பிட்டேன். நீ ஹாஸ்டலுக்குப் போன அன்னிக்கும் அதேதான், திரும்பி வர்ற வழியெல்லாம் சாப்பிட்டுக்கிட்டேதான் வந்தோம், அம்மாகிட்ட கேட்டுப்பாரு. சந்தோஷம்னா சாப்பாடு, துக்கம்னா சாப்பாடு, ரெண்டும் இல்லாம போர் அடிச்சாலும் சாப்பாடு. இப்போ அந்தக் கதவு மூடிடுச்சு, துக்கம் மட்டும் அப்படியே வந்து நிக்குது, எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல.

முழுசா மூடிடுச்சுன்னும் சொல்ல முடியாது, அதான் இன்னும் கஷ்டம். கோழி ரெண்டு துண்டுக்கு மேல இறங்காது, ஆனா ஐஸ்கிரீம் வழுக்கிட்டுப் போகும், சிப்ஸ் வாயிலேயே கரைஞ்சு போயிடும், பிஸ்கட்டும் அப்படித்தான். உடம்புக்கு நல்லதெல்லாம் அடைக்குது, ஆகாததெல்லாம் சுலபமா இறங்குது, என்ன கணக்கோ இது. கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கக் கொறிச்சுக்கிட்டே இருந்தா சின்ன வயிறு ஒண்ணும் தடுக்காது. ஒரு தடவை மில்க்‌ஷேக் ஒரு கிளாஸ் குடிச்சேன், கால் மணி நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்துக் கொட்டி, குமட்டிக்கிட்டு, படுத்தவன் எந்திரிக்கவே முடியல. டம்பிங்னு சொல்றாங்க, சர்க்கரை மொத்தமா சட்டுனு குடலுக்குப் போயிடறதால வர்றது, பைபாஸ் பண்ணவங்களுக்கு (இதயத்துல பண்றது இல்ல, வெயிட் குறைக்க இரைப்பையில பண்ற இன்னொரு வகை) அதிகமா வரும், ஸ்லீவ்லயும் வரலாம். அவ்வளவு பட்டும் அடுத்த வாரமே அதே மில்க்‌ஷேக் ஞாபகம் வந்துச்சு. இதை எப்படி நான் போன்ல சொல்லுவேன், சொல்லு.

ராத்திரி நான் இயர்போன் மாட்டிக்கிட்டு என்ன பாக்கறேன்னு அம்மாவுக்கு சந்தேகம். சமையல் வீடியோதான் பாக்கறேன். எண்ணெயில எதையாவது போடற சத்தம் வந்தா திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறேன். எனக்கே சிரிப்பு வருது, ஆனா இது பரவாயில்ல ரகம். இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க சேந்து வெச்சிருக்கற எங்க குரூப்ல ஒருத்தரு சாப்பாட்டை விட்டு குடியைப் பிடிச்சுக்கிட்டாரு, முன்னாடி தொடக்கூட மாட்டாராம். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் மது ரத்தத்துல சீக்கிரமா ஏறும், கொஞ்சத்துலயே தூக்கும், அதனால அதுக்கு அடிமையாகற ஆபத்தும் அதிகம், அதுலயும் பைபாஸ் பண்ணவங்களுக்கு ரெண்டாவது வருஷத்துலருந்து ஜாஸ்தின்னு டாக்டருங்க எச்சரிக்கிறாங்க. இன்னொருத்தரு எதையாவது வாங்கிக் குவிச்சுக்கிட்டே இருக்காரு. எல்லாருக்கும் காலியான இடம் ஒண்ணுதான், ஆளாளுக்கு எதையோ போட்டு அடைக்கிறோம்.

செக்கப்புக்குப் போனா மெஷின்ல ஏத்தி நம்பரைப் பாத்துட்டு சூப்பர்ங்கறாங்க, பி12 போடறீங்களா, இரும்புச்சத்து, கால்சியம் எடுக்கறீங்களான்னு கேக்கறாங்க, அதெல்லாம் ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். மனசு எப்படி இருக்குன்னு நானா வாயைத் திறந்து சொன்னப்புறம்தான் கவுன்சிலர்கிட்ட அனுப்பினாங்க. அந்தப் பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். நான் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னேன், அது அலட்டிக்கவே இல்ல, "சார், நாப்பது அம்பது வருஷம் கூடவே இருந்த ஒண்ணைப் பிரிஞ்சிருக்கீங்க, துக்கம் இருக்கத்தான் செய்யும், இருந்துட்டுப் போகட்டும்"னு சொல்லுச்சு. அன்னிக்குத்தான் எனக்குப் பாதி பாரம் இறங்குச்சு. வாய் கேக்கும்போது அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வெக்கச் சொல்லுச்சு. நோட்டைப் புரட்டினா சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் எல்லாமே இருக்கு, ரிட்டயர் ஆனவனுக்கு நாலு மணிக்கு மேல என்ன வேலை, அதான் விஷயம். இப்போ அந்த நேரத்துக்கு நடக்கப் போறேன். சில நாள் நடந்தா அடங்குது, சில நாள் நடந்துட்டு வந்தும் அடங்கறதில்ல, அன்னிக்கு சும்மா உக்காந்திருப்பேன், அதுவா கொஞ்ச நேரத்துல போயிடும்.

உன்கிட்ட கேக்க வேண்டியது மூணு நாலு இருக்கு.

எத்தனை கிலோன்னு ஒவ்வொரு தடவையும் கேக்காத. ஆசையாத்தான் கேக்கறன்னு தெரியும், ஆனா நீ அப்படிக் கேக்கறதுக்கு முந்தின ராத்திரியே எனக்குப் பரீட்சை மாதிரி ஆயிடுது. ஸ்வீடன்ல 1987ல ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பிச்சு, இந்த மாதிரி ஆபரேஷன் பண்ணவங்களை 20 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துலதான் வெயிட் ரொம்பக் கீழ போகுது, அப்புறம் கொஞ்சம் ஏறி ஒரு இடத்துல நிக்குது, 20 வருஷம் கழிச்சும் சராசரியா ஆரம்பத்தைவிட 18 சதவீதம் குறைவாத்தான் இருந்திருக்கு. அதனால எனக்கும் கொஞ்சம் ஏறலாம். ஏறினா அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டாருன்னு நீ முகத்தை வெச்சுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.

அப்புறம் போன தடவை வந்தப்போ நீ செஞ்ச காரியம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு கிச்சன் கதவைச் சாத்திட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்ட, தட்டு சத்தம் வராம இருக்கக் கைக்குட்டையை விரிச்சிருந்த. என் மேல பாசத்துலதான், புரியுது. ஆனா அது என்னை என்னமோ பண்ணிடுச்சு பாப்பா. நான் எப்பவாவது உன்கிட்ட உக்காந்து நாலு வார்த்தை பேசியிருக்கேனா? உன்னைத் திட்டிட்டா மனசு கேக்காம கடைக்குப் போயி உனக்குப் பிடிச்சதா ஒண்ணு வாங்கிட்டு வந்து உன் மேஜை மேல வெச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிடுவேன், நீயும் ஒண்ணும் பேசாம எடுத்துத் தின்னுட்டு எனக்குப் பாதி கொண்டு வந்து குடுப்ப. அதோட சண்டை தீந்துச்சு. பத்தாவதுல மார்க் குறைஞ்சப்போ அப்படித்தான், வேலைக்கு வெளியூர் போறேன்னு நீ சொல்லி நான் குதிச்சப்பவும் அப்படித்தான். நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு நடந்ததே அந்தப் பாதியிலதான். இப்போ நீ பாதி குடுத்தா என்னால வாங்கிக்க முடியாது, அதை நினைச்சா ஐஸ்கிரீம் இல்லாததெல்லாம் ஒரு கஷ்டமே இல்ல.

அதனால நீ என் எதிர்ல உக்காந்து சாப்பிடு. உனக்குப் பிடிச்சதையே சாப்பிடு, டயட் சாப்பாட்டை முழுங்கிக்கிட்டு எனக்குக் கம்பெனி குடுக்கறேன்னு கிளம்பாத. நீ நல்லா சாப்பிடறதைப் பாக்க எனக்குப் பிடிக்கும், எப்பவுமே பிடிக்கும். வாசனை தாங்கலன்னா நானே எந்திரிச்சு வெளிய போயிட்டு வருவேன், அதை என் பொறுப்புல விட்டுடு, பின்னாலயே வந்து சாரி கேக்காத. எனக்கு ஒரு வாய் வேணும்னா நான் வாய்விட்டுக் கேக்கறேன், அப்போ "குடுக்கலாமாம்மா"ன்னு அம்மா முகத்தைப் பாக்காம ஒரே ஒரு வாய் குடு. இப்பல்லாம் எனக்கு ருசியில ரொம்ப கெத்து வந்துடுச்சு, நாலு வாய்தான் கணக்குன்னா அந்த நாலு வாயும் நல்லா இருக்கணும்ல, அம்மா போன வாரம் சூப்ல உப்பு கம்மியா போட்டுட்டா, வேணாம்னு தள்ளி வெச்சுட்டேன், அவளுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே. அவ பாடும் பாவம்தான், இன்னமும் பழைய அளவுக்கே சமைச்சிட்டு சாசரைப் பாத்ததும் மூஞ்சி தொங்கிப் போகுது. நீ அவகிட்ட தனியா கொஞ்சம் பேசு, நான் சொன்னா எடுபடல.

பேச்சுன்னா என்ன பேசறதுன்னு எனக்கு இன்னும் தெரியல, அதையும் சொல்லிடறேன். நீ வர்றப்போ சாயங்காலம் நாலு மணிக்கு என்கூட நடக்க வா, நான் பேசலன்னாலும் நீ ஏதாவது பேசு, ஆபீஸ் கதையா இருந்தாலும் பரவால்ல.

டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு மட்டும் அனுப்பு. அம்மாகிட்ட முந்தின நாள் சொல்லிக்கலாம், இப்பவே சொன்னா இன்னிக்கே அடுப்பைப் பத்த வெச்சுடுவா.

அப்பா