எட் ஜாய்ஸுக்கு உரிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்து கிரிக்கெட் என்றால் 2007, 2011 உலகக் கோப்பைத் தொடர்களில் பெரிய அணிகளை வென்றதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. டப்ளினில் பிறந்த எட் ஜாய்ஸைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. தாய்நாட்டுக்கு அப்போது டெஸ்ட் தகுதி இல்லாததால் இங்கிலாந்துக்கு ஆடச் சென்ற அவர், 2006இல் பெல்ஃபாஸ்டில் தமது முதல் ஒருநாள் போட்டியை அயர்லாந்துக்கு எதிராகவே, தம்பி டொமினிக் அந்த அணியில் இருக்க, ஆட நேர்ந்தது. பின்னர் அயர்லாந்துக்கே திரும்பி, 2018இல் அந்நாட்டு ஆண்கள் அணியின் முதல் டெஸ்டிலும் ஆடி ஓய்வுபெற்றார். ஆனால், 2019 முதல் பெண்கள் அணியின் பயிற்சியாளராக அவர் ஆற்றிய பணியையே நான் பெரிதாக மதிக்கிறேன்: அவர் வளர்த்த இளம் அணி 2024 செப்டம்பரில் அதே பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்தை ஒருநாள் போட்டியில் வென்றது. தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவரைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்