கைப்பிடிக்கு ஏன் இரண்டு வாரம் கேட்கிறோம்

வணக்கம்.

"பைக்கு ஒரு தோல் கைப்பிடி மாற்ற இரண்டு வாரமா?" என்று நேரிலும் போனிலும் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கிருஷ்ணகிரியில் எங்கள் பட்டறையில் நடப்பதை அப்படியே சொல்கிறோம்.

பையின் மொத்தப் பாரமும் கைப்பிடியில்தான் விழுகிறது, அதனால் மாட்டுத்தோலின் முதுகுப் பகுதியை மட்டுமே அதற்கு வெட்டுகிறோம். வயிற்றுப் பகுதி விலை குறைவு, ஆனால் நார் தளர்வு, இழுக்க இழுக்க நீண்டுபோகும். தோலும் மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். பர்கூர் தாண்டினால் தோல் பதனிடும் ஊரான வாணியம்பாடி, ஆகவே தோலைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. குரோம் தோல் (பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பில் பதப்படுத்தியது) மெத்தென்று இருக்கும், ஷூவுக்கு அருமை, ஆனால் அதன் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் மழமழப்பு வராது. பட்டைத் தோல் வெயில் பட்டால் நிறம் கூடும், ஆவாரம் பட்டையில் ஊறியது சிவக்கவே செய்யும் (அதைக் குறைக்கத்தான் அந்தக் காலத்திலேயே கடுக்காய்ச் சாற்றில் மறுபடி ஊறவைத்தார்கள்). ஆகவே புதுக் கைப்பிடி நாளாக ஆகக் கருத்தால் பயப்படாதீர்கள்.

தோலை ஈரமாக்கி, உள்ளே பருத்திக் கயிறு வைத்து, உருளையாக மடித்துத் தைக்கிறோம். ஒரே மெழுகு நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைந்து வரும். மெஷின் தையலில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருப்பதால் ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரியும், இதில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். எங்கள் விலையில் பெரும்பகுதி இந்தத் தையலுக்குத்தான், அதைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை.

அப்புறம் நிழலில் காய வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் விறைத்து வெடிக்கும். ஐப்பசி மழையில் இதற்கே நாள் கூடுதலாகும். காய்ந்தபின் ஓரம் சீவி, உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் பளபளக்கும் வரை தேய்ப்பு.

மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். வறண்டால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு போதும், அதிகமானால் தோல் தொளதொளத்துப் போகும்.

பழைய கைப்பிடி மாற்றத் தருபவர்கள் அறுந்த துண்டையும் வளையங்களையும் தூக்கிப் போடாமல் பையோடு கொண்டு வாருங்கள், அளவு அதில்தான் சரியாகக் கிடைக்கும், பித்தளை வளையமென்றால் அதையே திரும்பப் போட்டுத் தருகிறோம்.